புது வெள்ளமும் ஏறுமீனும்

மழை வருமா என்று கேட்டால், "வரட்டுமே, நல்லதுதானே!" என்று பதில் சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது என்று நான் வெகு காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் மதினியைக் கலியாணம் செய்துகொடுத்த ஊருக்குப் போய் வந்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு. ஊரை விட்டுத் தள்ளி, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சின்னச் சின்ன அறைகளாகப் பட்டாசு ஆலைகள். வானம் வறண்ட சீமை என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இந்தப் பக்கத்தில் தொழிலாக வேரூன்றின. தோய்த்த திரியும், ஒட்டிய குழாயும், மருந்தும் வெயிலில் காய வேண்டும். மழை பெய்தால் காயப்போடும் மேடை காலி. இடி மின்னல் என்றாலோ கேட்கவே வேண்டாம். மருந்து அறைப் பக்கம் யாரும் நிற்கக்கூடாது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால், யாரும் தீ வைக்காமலே அது சூடேறும் சுபாவம் உள்ளது. ஆகவே மழை நாளில் ஆலை மூடல். செய்த வேலைக்குத்தான் கூலி. வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை.

நான் போயிருந்தது சித்திரைக் கடைசி. அன்று ராத்திரி பத்து மணிக்கு மேற்கே மலைப் பக்கம் மின்னத் தொடங்கியது. பதினொன்றுக்குப் பிடித்த மழை விடியற்காலம் வரையில் ஓயவில்லை. காலையில் மதினி வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு வேன் வராது" என்றாள். அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தையில் ஒரு நாள் கூலி போயிற்று.

ஆனால் அவள் பிள்ளை அப்படி நினைக்கவில்லை. பன்னிரண்டு வயது. நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள், பரண் மேல் கிடந்த ஊத்தாவைக் காணோம், பிள்ளையையும் காணோம்!

நகரத்து வாசகிகளுக்கு ஊத்தா என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். மூங்கில் சிம்புகளைக் கட்டிச் செய்த அடியில்லாத கூடை. மேல் வாய் சிறுத்து, கீழ் வாய் அகன்றிருக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே 'சொத், சொத்' என்று குத்திக்கொண்டு போக வேண்டும். உள்ளே ஏதாவது துள்ளிக் கூடையில் மோதினால், மேல் வாய் வழியாகக் கையை விட்டுப் பிடிக்க வேண்டும். கையில் சிக்குவது கெண்டையா, கெளுத்தியா, தண்ணீர்ப் பாம்பா என்பது கையை விட்டவன் அதிர்ஷ்டம்.

"கம்மாய்க்குத்தான் போயிருப்பான். புதுத் தண்ணி வந்திருக்கில்ல, ஏத்துமீன் ஏறும்" என்றார் மாமா, அதாவது மதினியின் மாமனார். வயது எழுபத்தைந்துக்கு மேல். அவர் குரலில் கோபம் இல்லை; கொஞ்சம் பொறாமைதான் இருந்தது. மதினிக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது. "ஓடையில தண்ணி எப்படி வருதோ, என்னமோ! நீங்க ஒரு எட்டு போய்ப் பாருங்க மாமா" என்றாள். நானும் குடையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினேன்.

விருதுநகர் மாவட்டத்தில் ஆறு இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. தண்ணீர்தான் எப்போதாவது இருக்கும்! மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கி வரும் வைப்பாறு, வத்திராயிருப்பு மலைப் பக்கத்திலிருந்து வரும் அர்ச்சுனா நதி, விருதுநகரை ஒட்டிப் போகும் கௌசிகா நதி, இப்படிப் பெயர்கள் எல்லாம் புராணத்தில் வருகிற மாதிரி கம்பீரமானவை. வருஷத்தில் பெரும் பகுதி இவை மணல் ஆறுகள். இருக்கன்குடி மாரியம்மன் கோயில் அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் இடையில் இருக்கிறது. ஆடி வெள்ளிக்கு வருகிற ஜனங்கள் ஆற்றுக்குள்ளேயே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆனால் மலையில் நல்ல மழை பெய்து விட்டாலோ, அதே மணலில் ஆள் இறங்க முடியாது. பிளவக்கல், வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, இருக்கன்குடி என்று வழி நெடுக அணைகள் கட்டி, வந்த தண்ணீரைப் பிடித்து வைக்கிறார்கள். மிச்சம், தூத்துக்குடி மாவட்டத்தில் ஆற்றின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் வைப்பார் என்ற ஊருக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் போய்ச் சேருகிறது.

ஆறு இப்படி என்றால், மீன் எங்கே இருக்கும்? கண்மாயில்தான். மழைக்காலத்தில் நிரம்பி, கோடையில் சுருங்கி, கடைசியில் நடுப் பள்ளத்தில் மட்டும் கலங்கிக் கிடக்கும் தண்ணீரில் மீன்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் திடீரென்று வரத்துக்கால் வழியாகப் புதுத் தண்ணீர் வந்து விழுந்தால் அவற்றுக்கு என்ன தோன்றும்? அதைப் பார்க்கத்தான் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

வழியில் ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. நீலகிரியில் அவலாஞ்சி என்ற இடத்தில் டிரவுட் என்ற மீனை வளர்க்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்து விட்ட மீன். அங்கே வில்சன் என்பவர் முயற்சியால் 1907-ல் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. குளிர்ந்த, தெளிந்த ஓடைத் தண்ணீர்தான் அந்த மீனுக்குப் பிடிக்கும். வெப்பம் இருபது டிகிரிக்கு மேலே போனால் அதற்குத் திண்டாட்டம். விருதுநகர் வெயிலில் அதைக் கொண்டு வந்து விட்டால் குழம்பு வைக்கும் சிரமம்கூட இல்லாமல் தானே வெந்துவிடும்! டிரவுட் கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீன். ஆகவே பெருமழை பெய்து ஓடை கலங்கிவிட்டால் தூண்டில்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் வடிந்து, சேறு அடங்கித் தேநீர் நிறத்துக்கு வரத் தொடங்கும்போதுதான் அவர்களுக்கு நல்ல வேளை.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அது மலை மீனு தாயீ. நம்ம மீனுக்குக் கலங்கத் தண்ணிதான் கலியாணம்."

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சு அல்ல. நம் கெண்டைகளும் கெளுத்திகளும் முட்டையிடுவதற்கு மழையைத்தான் எதிர்பார்த்திருக்கின்றன. சூடேறிக் கிடந்த தண்ணீர் குளிர்கிறது. ஓடி வரும் நீரில் காற்று கலந்திருக்கிறது. கரை மண்ணின் வாசனை கரைந்து வருகிறது. தண்ணீர் ஒரு திசையிலிருந்து இழுக்கிறது. சினையோடு இருக்கும் மீனுக்கு இதெல்லாம் சேர்ந்து தந்தி அடித்த மாதிரி. எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறுகின்றன. புதிதாகத் தண்ணீர் பரவிய புல்வெளியில் முட்டையிட்டால் குஞ்சுகளுக்குத் தீனியும் கிடைக்கும், பெரிய மீன்களிடமிருந்து தப்பவும் முடியும். ஏறுமீன் என்பது இதுதான்.

கண்மாய்க் கரையை அடைந்தபோது ஊரே அங்கே இருந்தது. ஆலைக்குப் போக வேண்டியவர்கள் அத்தனை பேரும் வரத்துக்காலில் நின்றார்கள். ஆண்கள் வலை போட்டிருந்தார்கள். பெண்கள் இரண்டு பேராகப் பழைய சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிறுவர்கள் கத்திய கத்தல் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். தண்ணீர் என்னவோ முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான். காப்பிக் கஷாயம் மாதிரி கருநிறம். கரிசல் மண் நைசாக இருப்பதால் கலங்கினால் லேசில் தெளியாது. அந்தக் கலங்கலில் 'சளக் சளக்' என்று வெள்ளியைச் சுண்டிப் போட்ட மாதிரி கெண்டைகள் துள்ளின.

எங்கள் பிள்ளை? கூட்டத்தில் இல்லை.

மாமா பதறவில்லை. "ஓடை மேலே மடக்குல இருப்பான். நான் சின்னதுல நின்ன இடம் அது" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான்தான் பதறினேன். நான் பதறியதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கோடை மழை நம்பக்கூடியது அல்ல. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலையில் கொட்டிய தண்ணீர் ஒரு மணி நேரம் கழித்து ஓடையில் சுவர் மாதிரி வந்து நிற்கும். 2015 மே மாதத்தில் சதுரகிரி மலைப்பாதையில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். ஆறு என்பது வருஷம் முழுவதும் மணலாக இருந்து விட்டால், அதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. காவேரிக் கரைப் பிள்ளைக்குத் தெரிந்த பயம் வைப்பாற்றுக் கரைப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. நீச்சலும் தெரிவதில்லை, எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

மாமா நடந்துகொண்டே ஓடையைப் பார்த்துச் சில விஷயங்கள் சொன்னார். தண்ணீரில் சருகும் சுள்ளியும் புதிதாக வரத் தொடங்கினால் மேலே தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். உடனே கரையேற வேண்டும். இரைச்சல் மாறினாலும் அப்படித்தான். கலிங்குக்குக் கீழே, தண்ணீர் விழுந்து குழி பறித்த இடத்தில், ஆழம் தெரியாமல் காலை வைக்கக்கூடாது. மீன் அங்கேதான் அதிகம் சேரும், ஆள் போவதும் அங்கேதான்.

பிள்ளை அவர் சொன்ன மடக்கில்தான் இருந்தான். கரையில் ஒரு வேலிக்கருவை மரத்தடியில், தண்ணீருக்கு வெளியே குந்தி உட்கார்ந்திருந்தான். முகத்தில் அழுகை வந்து நின்ற அடையாளம். வலது கைக் கட்டைவிரலை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். கெளுத்தி குத்திவிட்டது!

கெளுத்தியின் இரண்டு பக்கத்திலும் முதுகிலும் ஒவ்வொரு முள் உண்டு. அதற்கு உறவான தேளி என்ற மீன் குத்தினால் பெயருக்கு ஏற்றபடி தேள் கொட்டியது மாதிரியே கடுக்கும். பொறுக்கும் அளவுக்கு வெதுவெதுப்பான வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். முள் முறிந்து உள்ளே தங்கிவிட்டாலோ, வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். மாமா விரலைத் திருப்பிப் பார்த்தார். முள் தங்கவில்லை. "எத்தனை பிடிச்சே?" என்று மட்டும் கேட்டார். பிள்ளை வாளியைக் காட்டினான். கெண்டை பத்துப் பதினைந்து, குற்றவாளிக் கெளுத்தி ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் அசையாமல் கறுப்பாக முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்!

விரால் இந்தச் சீமைக்கென்றே பிறந்த மீன். செவுளால் மட்டுமல்லாமல், மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். கண்மாய் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். அடுத்த மழைக்கு எழுந்து வரும். குரவையும் தேளியும் பனையேறிக் கெண்டையும் இந்த வர்க்கம்தான். கோடை மழைக்கு மறுநாள் காய்ந்த கண்மாயில் மீனைக் கண்டவர்கள், 'வானத்திலிருந்து மீன் மழை பெய்தது' என்று சொல்வதற்கு இவை ஒரு காரணம்.

பனையேறிக் கெண்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. 1791 நவம்பரில் தரங்கம்பாடியில், டேனிஷ்காரர்களின் உத்தியோகஸ்தராக இருந்த டால்டார்ஃப் என்பவர், மழையில் நனைந்த ஒரு பனை மரத்தில் தரையிலிருந்து ஐந்து அடி உயரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதி, அது 1797-ல் லண்டனில் அச்சாயிற்று. அப்புறம் நூறு வருஷத்துக்கு மேலாக விஞ்ஞானிகள் மீன் மரம் ஏறுமா, ஏறாதா என்று சண்டை போட்டார்கள். காக்கையோ பருந்தோ தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கும் என்றார்கள் சிலர். மீன் ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நடக்கும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. நம் ஊர்க்காரர்கள் பெயரை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தோம். மதினி முதலில் பிள்ளை முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு வெந்நீர் வைத்தாள். அதன் பிறகுதான் வாளியை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் சினை மீனாப் பிடிச்சிட்டு வந்திருக்கான்" என்று அவள் சொன்னதில் பெருமையா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. மாமா திண்ணையிலிருந்து, "அந்தக் காலத்துல மொத நாளு ஏத்தத்தைத் தொடமாட்டாக. ஏறிட்டுப் போகட்டும்னு விட்டுட்டு, எறங்கும்போது பிடிப்பாக" என்றார். மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தக் காலத்துல வேன் வரலைன்னா கூலி போகும்னு யாரு இருந்தா மாமா? இன்னைக்கு அடுப்புல என்ன வைக்கிறதுன்னு நான் முழிச்சிக்கிட்டிருந்தேன்."

இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஏறுகிற மீனையெல்லாம் வழியிலேயே வாரிவிட்டால் முட்டையிட எது மிஞ்சும்? ஆனால் அன்றைக்குப் பார்த்து அந்த வீட்டில் வேறு வரும்படி இல்லை என்பதும் உண்மை.

கண்மாய்களில் இப்போது கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விலைக்கு வாங்கி விட்டு, மீன்பாசிக் குத்தகைக்கு ஏலம் விடுகிறார்கள். இந்த மீன்கள் வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். தேங்கிய குளத்தில் இடாது. ஆகவே ஒரு காலத்தில் வங்காளம், பீகார் ஆறுகளில் வெள்ளத்தோடு போய்க் குஞ்சு அரித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10-ந் தேதி ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, ஒரு மீனின் மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியின் சாற்றை இன்னொரு மீனுக்கு ஊசி போட்டு, வெள்ளம் வராமலே முட்டையிடச் செய்தார். மழை செய்கிற வேலையை ஓர் ஊசி செய்தது! அந்தத் தேதியைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நாட்டுக் கெண்டைக்கும் விராலுக்கும் அயிரைக்கும் அப்படி ஊசி போட்டு ஊர் ஊராகக் கொண்டு வந்து விடுவார் இல்லை. அவற்றுக்கு மழைதான்.

இதற்கு நடுவே வேண்டாத விருந்தாளிகளும் உண்டு. ஜிலேபிக் கெண்டை 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. விருதுநகர் அப்போது ராமநாதபுரம் ஜில்லா; அதே ஜில்லாவில் வந்து இறங்கிய மீன் இன்று தமிழ்நாட்டில் புகாத குளம் இல்லை. வாயிலேயே குஞ்சைக் காப்பாற்றும் தாய் என்று அதைப் பாராட்டலாம். மற்றவர் இடத்தைப் பிடுங்குவதைப் பாராட்ட முடியாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம், எதையும் தின்னும். வளர்க்கக்கூடாது என்று சர்க்கார் தடை போட்டிருக்கிறது. ஆனாலும் வெள்ளத்தில் ஒரு பண்ணையின் கரை உடைந்தால் அது தடையைப் படித்துப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

பட்டாசு ஊரில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீரில் வெடி வைத்து மீன் பிடிப்பதும், விஷம் கலந்து பிடிப்பதும் 1897-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். வெடித்தால் சினையும் குஞ்சும் சேர்ந்து சாகும்; பாதி மீன் அடியில் போய் அழுகும். "நாங்க மருந்துல வேலை பாக்கிறவுக. அதோட குணம் எங்களுக்குத் தெரியும். அதைத் தண்ணிக்கும் கொண்டு போவமா?" என்றாள் மதினி.

அவளிடம் சமையல் விஷயமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதாமல் விட்டால் வாசகிகள் என்னை மன்னிக்கமாட்டார்கள். மழைக்குப் பிறகு சந்தைக்கு வரும் ஆற்று மீனில் சேற்று வாடை இருக்கும். கல் உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வழவழப்புப் போகக் கழுவி, மஞ்சளும் புளித்த மோரும் விட்டுக் கால் மணி ஊற வைத்தால் வாடை தீரும். விராலைத் தலையில் தட்டி அடக்காமல் ஆயக்கூடாது. அது எழுந்து நடக்கும். அயிரையை உயிரோடுதான் வாங்க வேண்டும். நல்ல தண்ணீரில் விட்டு வைத்தால் வயிற்று மண்ணைக் கக்கிவிடும், இல்லாவிட்டால் குழம்பு முழுவதும் நறநறவென்று இருக்கும். முக்கியமாக ஒன்று: நெடுநாள் வெயிலுக்குப் பிறகு முதல் மழை பெய்ததும், குப்பையும் செத்தையும் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்து, தண்ணீரில் காற்றுக் குறைந்து, மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மிதக்கும். அப்படிச் செத்து மிதந்ததை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செவுளைத் திறந்து பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

அன்று குழம்பு வைத்தாள். மண்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகப் போட்டு, அரைத்த மிளகாயும் மல்லியும் புளியும் சேர்த்துக் கொதிக்க வைத்து, கடைசியில் விரால் துண்டங்களைப் போட்டாள். கெண்டைச் சினையைத் தனியாக எடுத்து எண்ணெயில் பொரித்தாள். "அந்தக் காலத்தில் தொடமாட்டோம்" என்று சொன்ன மாமா இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை, சிரித்தால் அப்புறம் அவர் பழைய விஷயங்களைச் சொல்லமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும்.

சாப்பிட்ட பிறகு அவரிடம், தூண்டில் போட எந்த நாள் நல்லது என்று கேட்டேன். முதல் நாள் தூண்டிலுக்கு இல்லை, அது வலைக்கும் ஊத்தாவுக்கும்; தண்ணீர் இழுக்கிற இழுப்பில் தக்கை நிற்காது. மூன்றாம் நாள் இரைச்சல் அடங்கிய பிறகு மண்புழுவைக் கோத்து ஓரமாகப் போட்டால் கெண்டை எடுக்கும். பொழுது சாய்ந்தால் கெளுத்தி. ஒரு வாரம் கழித்து, தண்ணீர் கொஞ்சம் தெளிந்து, கோரைப் புல் ஓரத்தில் விரால் காத்துக்கிடக்கும். அதற்குத் தவளைக் குஞ்சுதான் சரியான இரை. "ஆனா செவப்பாக் குஞ்சு கூட்டமா மேயறதைப் பாத்தியானா அங்க தூண்டில் போடாதே. கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிக்கும். அதைப் பிடிச்சிட்டா அத்தனை குஞ்சும் போச்சு" என்றார்.

பிள்ளை கட்டுப் போட்ட விரலோடு தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியற்காலம் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஆறரைக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. தெருமுனையில் ஆலை வேனின் ஹாரன் கேட்டது. மதினி அவசரமாகத் தூக்குச்சட்டியில் சோற்றை வைத்து, மேலே முதல் நாள் மீன் குழம்பை ஊற்றி மூடினாள். வாசல்படி தாண்டியவள் திரும்பி வந்து, ஊத்தாவை எடுத்துப் பரணில் கையெட்டாத மூலையில் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

வேன் போன பிறகு மாமா என்னைப் பார்த்து, "அந்த முக்காலியைக் கொஞ்சம் இங்கிட்டு எடு தாயீ" என்றார்.